தந்தை தோழனாதல்

மக்கட் பிறப்பில் எய்தும் உறவுகளுள் தந்தை மைந்தர் உறவு தனிச் சிறப்புடையது. தாய்க்கும் சேய்க்கும் உள்ள தொடர்பு கருவிலே தொடங்கிப் பாலொடு வளர்வது. அதனை எவரும் தேடிப் பெறவேண்டுவதில்லை. தந்தைக்கும் மைந்தனுக்கும் உள்ள தொடர்போ, பிறப்பான் அமைந்ததாயினும், பழக்கத்தால் வளர்க்கப்படுவது. ஊட்டல், உடுத்தல், கற்பித்தல் என்னும் கடன்களையெல்லாம் குறைவற ஆற்றிய தந்தையொருவன், மைந்தனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு நிரம்பிய பின்னர், அவன் உள்ளத்தில் தனக்குரிய இடம் யாதென அறியாது மயங்குதல் உண்டு. மைந்தன் எதிரே நிற்கின்றான். வினாவியதற்கு விடையும் கூறுகின்றான். ஆயினும் அவன் உள்ளம் வேறோரிடத்தில் உள்ளது. இந்நிலையில், யாதானும் ஒரு பொழுதுபோக்கினை இருவரும் உடனிருந்து பயின்றால் அவன் நெஞ்சம் தன்பால் அணுகும் எனத் தந்தை கருதுகின்றான். இக்கருத்துப் பொருந்துமா? பொருந்துமாயின் எந்நெறியாற் பொருந்தும்? இவ்விரு வினாக்களும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வினா முற்காலத்தில் மிகுதியும் எழாமைக்குக் காரணம் உண்டு. காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரையும் அதனைச் சூழ்ந்த ஏரிப்பாசன ஊர்களையும் எடுத்துக்கொள்க. உழவே தொழிலாயிருந்த நாளில் தந்தை ஏர் பிடிக்க மைந்தன் நாற்றுமுடி சுமந்தான். தந்தை கவலை இறைக்க மைந்தன் மடை திருப்பினான். இருவரும் வரப்பின்மேல் அமர்ந்து ஒரு கலத்துக் கூழைப் பகிர்ந்துண்டனர். அன்பு செய்தற்கெனத் தனிப்பொழுது ஒதுக்கவேண்டிய நிலை அவர்க்கு நேர்ந்திலது. அந்நாளிற் கல்வி இழந்த சிறுவர் பலராதலின் அந்நாள் மீளவேண்டும் என்பது கருத்தன்று. இந்நாளில் தந்தையர் பலர் ஒரகடம், திருப்பெரும்புதூர் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்கு முறைவேலையின் பொருட்டுப் பேருந்தேறிச் செல்கின்றனர். மைந்தர் பள்ளிக்கும், பள்ளி விட்டபின் டியூஷனுக்கும் செல்கின்றனர். இரவில் இருவரும் ஒரு கூரையின்கீழ்க் கூடினும் ஒருவர் கையில் ஒரு கைப்பேசி, மற்றவர் கையில் மற்றொன்று. தொழில் பிரித்தவரைப் பொழுதுபோக்குக் கூட்டுமோ என்பதே இற்றைத் தந்தையின் வினா.

உறவினைச் சட்டத்தாற் கட்டலாம். அன்பினைச் சட்டத்தாற் கட்டலாகாது. இதற்கு உத்தரமேரூரே ஒரு சான்று தருகின்றது. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழனது பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் இரண்டு உள. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட அவ்வூரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்குக் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதொழிந்தவன் பெயர் மீண்டும் ஓலையில் எழுதப்படாது. அவன் உறவினர் பெயரும் எழுதப்படாது. அங்ஙனம் விலக்கப்பட்ட உறவினர் வரிசையில் அவன் தந்தையும் மைந்தனும் வைத்தெண்ணப்பட்டுள்ளனர். ஒருவன் பிழை மற்றவனைச் சாருமாறு கல்லில் எழுதி நிலைநாட்ட அச்சபையாரால் இயன்றது. ஒருவன் மகிழ்ச்சி மற்றவன் மகிழ்ச்சியாகுமாறு விதித்தல் எச்சபையாராலும் இயலாது. பழியிற் பங்கு குருதியால் வருகின்றது. மகிழ்ச்சியிற் பங்கு உடன்பயிற்சியால் வரவேண்டுவதாயிற்று.

அவ்வுடன்பயிற்சி எத்தன்மையது என்பதை ஆராயுமிடத்துச் சைவ நூல்கள் கூறும் நால்வகை நெறி துணைசெய்கின்றது. உயிர் இறைவனை அணுகும் நெறி, தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என நான்காம். அவை முறையே சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பனவற்றோடு இயைவன. இவற்றுள் தொண்டனாதல் முன்னும், மைந்தனாதல் அதன் பின்னும், தோழனாதல் அதற்கும் பின்னுமாக வைக்கப்பட்டமை கருதத்தக்கது. இறைவனோடுள்ள தொடர்பு பற்றிய இம்முறையை மக்களுறவின்மேல் அப்படியே ஏற்றுதல் சாத்திரக் கருத்தன்றெனினும், உவமையாகக் கொள்ளத் தடையில்லை. சிறு பருவத்தில் ஏவியதைச் செய்யும் புதல்வன், சிறிது வளர்ந்துழித் தந்தையின் குறிப்பறிந்து ஒழுகுவான்; மேலும் வளர்ந்துழித் தோழமையை அவாவுவான். அவ்வவாவிற்கு இடங்கொடாத தந்தை அவனை முதற்படியிலேயே நிறுத்த முயல்கின்றவனாவான்.

தோழமை கொண்டால் தந்தையின் மதிப்புக் குறையுமன்றோ எனின், அற்றன்று. சுந்தரமூர்த்தி நாயனாரைத் தோழராகக் கொண்ட இறைவன், அவர் பொருட்டுத் திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் நடந்து, பரவையார் மனைக்கு இருமுறை தூது சென்றான் எனப் பெரியபுராணம் கூறும். அதனால் இறைவன் பெருமை குறைந்ததென்று கூறினார் யாருமிலர். அவ்வெளிமையையே அவன் பெருமையாகப் போற்றுகின்றனர். திருவள்ளுவரும் மக்கட்பேறு என்னும் ஏழாம் அதிகாரத்தில், மைந்தனை அவைக்கண் முந்தியிருக்கச் செய்தல் தந்தையின் கடன் என்பதனோடு அமையாது, மக்களின் சிறுகை பட்டுக் கலைந்த கூழின் சுவையையும் உடன்வைத்தோதினார். கடனும் களிப்பும் ஓரதிகாரத்துள்ளே நிற்பன. அவற்றுள் முன்னையதை நினைந்து பின்னையதை மறந்த தந்தையரே இந்நாளிற் பலர்.

இனி, எப்பொழுதுபோக்கு உரியதெனின், பிறிதோர் உயிர்க்கு ஊறு செய்வதும், பந்தயம் வைத்து ஆடுவதும் முதற்கண் விலக்கத்தக்கன. தூண்டிலிட்டு மீன் பிடித்தல் இருவரும் நெடும்பொழுது உடனிருத்தற்கு ஏற்றதேயாயினும், ஓருயிரின் துடிப்பைக் கண்டு ஒருங்கே மகிழப் பழகுதல் அன்பினை வளர்க்கும் வழியாகாது. தோட்டமிடுதல், பட்டம் விடுதல், சதுரங்கம் ஆடுதல், பழைய கல்வெட்டுக்களைப் படித்தல், பறவைகளை நோக்குதல் எனத் தீங்கற்றன பல உள. இவற்றுள் இறுதியது உத்தரமேரூர்ப் பகுதிக்குப் பெரிதும் இயைந்தது. பல்லவர் காலத்து வைரமேக தடாகம் எனப் பெயர்பெற்ற பேரேரி அவ்வூருக்குரியது. வேடந்தாங்கலும் அண்மையிலேயே உள்ளது. வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பியபின் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன், கூழைக்கடா முதலியன வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் வந்து தங்கிக் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதல் கண்டு, அவ்வூர் மக்கள் நெடுங்காலமாக அவற்றைக் காத்து வருகின்றனர்.

உத்தரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலே தந்தையொருவன் உளன் எனவும், அவன் விடுமுறைநாட் காலையிற் பன்னிரண்டு ஆண்டு நிரம்பிய தன் மைந்தனை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்கின்றான் எனவும் கொள்க. அவன் எண்ணம் நல்லதே. ஆயினும் கரையேறியவுடன், "அஃது என்ன பறவை? சென்ற வாரம் சொன்னேனே, மறந்தாயோ? மொத்தம் எத்தனை என்று எண்ணினாயா?" என வினவத் தொடங்குகின்றான். விடை தவறினால் முகஞ் சுளிக்கின்றான், சரியாயின், "இக்கூர்மையைக் கணக்குப் பாடத்திற் காட்டக்கூடாதா?" என்கின்றான். மூன்றாம் வாரத்தில் மைந்தனுக்குத் தலைவலி வந்துவிடுகின்றது. நான்காம் வாரத்தில் வீட்டுப்பாடம் மிகுந்துவிடுகின்றது. தந்தை, "இவன் பொருட்டன்றோ என் உறக்கத்தை விட்டேன்!" என வருந்துகின்றான். அவன் வருத்தம் பொய்யன்று. ஆயினும் மைந்தன் ஏரிக்கரையிற் கண்டது மற்றொரு பள்ளிக்கூடத்தையே என்பதை அவன் அறிந்திலன்.

இதனையொத்த ஒன்று மேல்நாட்டிலும் நிகழ்ந்தது. ஆங்கில நாட்டுத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் (1806-1873) என்பார்க்கு அவர் தந்தை ஜேம்ஸ் மில் தாமே ஆசிரியராயிருந்து மூன்றாம் ஆண்டிற் கிரேக்கமும் எட்டாம் ஆண்டில் இலத்தீனும் கற்பித்தார். நாடோறும் காலையில் இருவரும் பசும்புல் வழியே உலாவச் செல்வர். அவ்வுலாவிற் சிறுவர் முன்னாள் தாம் படித்தவற்றையெல்லாம் தந்தைக்கு ஒப்புவிப்பார். அது கட்டளையாற் செய்ததன்று, தாமே விரும்பிச் செய்தது என்றே தம் நினைவு கூறுவதாக மில் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஆயினும் பசும்புல்லும் காட்டுப்பூவும் பற்றிய இளமை நினைவு அவர்க்கு அவ்வொப்புவித்தலோடு கலந்தே நின்றது. தந்தையின்பால் இல்லாதிருந்தது கல்வியன்று, கடமையுணர்ச்சியன்று. கனிவு ஒன்றே என்பது அவர் கருத்து. 1826-ஆம் ஆண்டில், இருபதாம் வயதில், வாழ்க்கையிற் சுவையேயின்றி மில் பெருந்துயரில் ஆழ்ந்தார். அப்பொழுது தம் துன்பத்தைத் தந்தையிடம் சொல்லலாம் என்று அவர்க்குத் தோன்றவேயில்லை. உதவி நாடத்தக்கவருள் தந்தையே கடைசியாயினார். நாடோறும் உடன் உலாவிய தந்தைக்கு மைந்தனின் துயரம் தெரியாமற் போயிற்று. ஒருங்கு நடந்தமை கால்களுக்கு ஆயிற்று, உள்ளங்களுக்கு ஆகவில்லை. பின்னர் ஒரு பிரெஞ்சு நூலில், தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் தன் குடும்பத்தைத் தேற்றிய பகுதியைப் படித்துழியே அவர் கண்ணீர் விட்டு நெஞ்சம் நெகிழ்ந்தார் என்பது ஊன்றி நினைக்கத்தக்கது.

காணுதல் வேறு, கலத்தல் வேறு. இவ்வேறுபாட்டைச் சண்டேசுர நாயனார் புராணம் தெளிவுறுத்துகின்றது. திருச்சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் சிறுவர், மண்ணியாற்று மணலில் இலிங்கம் அமைத்துப் பசுக்கள் தாமே பொழிந்த பாலால் ஆட்டி விளையாட்டுப்போற் பூசை செய்து வந்தார். ஊரார் பழிகூற, தந்தையாகிய எச்சதத்தன் மைந்தன் செயலை அறிவதற்குச் சென்றான். சென்றவன் அருகே போய், "என் செய்கின்றாய், அப்பா?" என ஒருசொற் கேட்டிலன், குராமரத்தின்மேல் ஏறி ஒளித்திருந்து நோக்கினான். மணலைக் கண்டான், பாலைக் கண்டான், மைந்தனின் உள்ளத்தைக் கண்டிலன். இறங்கிவந்து கோலால் அடித்தான். பாற்குடத்தைக் காலால் இடறினான். அதன்பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. மைந்தரின் கைக்கோல் மழுவாகித் தந்தையின் தாளைத் துணித்தது. இறைவன் தோன்றி, இனி உனக்கு யாமே தந்தை என்றருளினான். இறைவனருள் இருவர்க்கும் கிடைத்ததாயினும், மைந்தர்க்கு வேறொரு தந்தை வேண்டியதாயிற்று என்பதை உலகத்துத் தந்தையர் மறத்தலாகாது. மைந்தன் கையிலுள்ள பொருளை மரத்தின்மேலிருந்து நோக்குவார் இந்நாளிலும் உளர். அவன் கைப்பேசியில் ஆடும் ஆட்டத்தை வாயிற்புறத்தே நின்று நோக்கிச் சினந்து பிடுங்குவோர், அவ்வாட்டம் தீதோ நன்றோ என்பதையும், அவனை அதன்பால் ஈர்த்தது யாதென்பதையும் ஒருநாளும் அறியார்.

இதற்கு மறுதலையாகச் சீகாழிச் சிவபாத இருதயரைக் கொள்க. மைந்தரின் வாயிற் பால் வழிதல் கண்டு, யார் தந்த பாலெனச் சினந்து, அவரும் கோலொன்றைக் கையிலெடுத்து மிரட்டியவரே. ஆயினும் வினாவினார், விடை வருமளவும் நின்றார், குழந்தை கைகாட்டிப் பாடக் கேட்டபின் கோலைக் கைவிட்டார். அன்று தொடங்கித் தம் மைந்தரைத் தோள்மேற் சுமந்து தலந்தோறும் உடன்சென்றார். தந்தை தம்மைச் சுமத்தல் பொறாது குழந்தையும் தோளினின்று இறங்கித் தம் சிற்றடியால் நடந்தது. தந்தை சுமக்க முற்பட்டார். மைந்தர் இரங்க முற்பட்டார். உடன்செல்லும் வழியில் தோன்றும் அன்பு இத்தகையது. எச்சதத்தனும் சிவபாத இருதயரும் கோலெடுத்தவரே. கேட்டவர் ஒருவர், கேளாதவர் ஒருவர். வேறுபாடு அவ்வளவே, விளைவின் வேறுபாடோ அளவற்றது.

ஏரிக்கரைத் தந்தைக்கு மீள்வோம் எனின், அவன் செய்யத்தக்கது அரியதொன்றன்று. ஒருநாட் காலையில் வினாவை விடுத்து, வாளா அமர்ந்திருக்கின்றான் எனக் கொள்க. வளைந்த அலகுடைய பறவையொன்று சேற்றைக் குடைகின்றது. "இதன் பெயர் எனக்கு மறந்துபோயிற்று, உனக்குத் தெரியுமோ?" என்கின்றான். மைந்தன் தன் கைப்பேசியைத் தேடி, "அரிவாள் மூக்கன், அப்பா" என்கின்றான். "நாங்கள் சிறுவராயிருந்தபோது இதனை எறியக் கல்லெடுத்தோம், உன் பாட்டனார் தடுத்தார்" என்று தந்தை ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றான். தந்தை ஒருகாலத்திற் சிறுவனாயிருந்தான், தவறுஞ் செய்தான் என்பது மைந்தனுக்கு அன்றுதான் புலனாகின்றது. வீடு திரும்பும் வழியில், பள்ளியில் ஒருவன் தன்னை நாடோறும் அடிக்கின்றான் என்னும் செய்தியை அவன் தானே சொல்கின்றான். அச்செய்தி பறவையைப் பற்றியதன்று. ஆயினும் பறவை இல்லையேல் அது வெளிவந்திராது. பொழுதுபோக்கின் பயன் இதுவே: நேரே நோக்கிச் சொல்லுதற்கரியதை, இருவரும் பிறிதொன்றை நோக்கியிருக்கும்போது சொல்லுதற்கு அஃது இடந்தருகின்றது.

மைந்தனிடத்துக் கற்றல் தந்தைக்கு இழுக்கோ எனின், அன்று. சுவாமிமலையில் முருகக் கடவுளிடம் பிரணவப் பொருளைச் சிவபெருமான் மாணாக்கனைப்போலக் கேட்டருளினான் என்பது புராணம். முற்றறிவுடைய தந்தையே கேட்பானாயின், சிற்றறிவுடைய தந்தைக்குத் தயக்கம் எற்றுக்கு?

பொழுதுபோக்கினால் மைந்தன் புகழ்பெறுதலும் உண்டன்றோ, அதனைக் கருதிப் பயிற்றுதல் தவறோ எனச் சிலர் வினவுவர். தமிழகத்திலேயே இதற்கொரு சிறந்த காட்டு உளது. டி. கே. இராமநாதன் என்பார் டென்னிஸ் ஆட்டத்தில் வல்லவர். தம் மைந்தர் இராமநாதன் கிருஷ்ணனுக்குத் தாமே அதனைப் பயிற்றினார். அம்மைந்தர் 1954-ஆம் ஆண்டில் விம்பிள்டனிற் சிறுவர்க்குரிய பட்டம் பெற்று, 1960, 1961-ஆம் ஆண்டுகளில் அங்கேயே அரையிறுதியாட்டத்தையும் எட்டினார். அவர் மைந்தர் இரமேஷ் கிருஷ்ணன், தந்தையார் வென்ற அதே சிறுவர் பட்டத்தை இருபத்தைந்தாண்டு கழித்து 1979-இல் வென்றார். இந்திய அணி டேவிஸ் கோப்பையின் இறுதிப்போட்டியை எட்டிய 1966-இல் தந்தையாரும், 1987-இல் மைந்தரும் அவ்வணியில் ஆடினர். இருவர் ஆட்டமும் வன்மையினும் மென்மையாற் பெயர்பெற்றது. தம் குடும்பத்து ஆட்டத்தைப் பற்றி இருவர் பெயராலும் ஒரு நூலும் வெளிவந்துள்ளது. மூன்று தலைமுறையாக ஒரு பயிற்சி ஒரு குடியிற் செல்வமாய் இறங்கிவந்தமைக்கு இது சான்றாம். ஆயினும் இதனைக் கேட்ட தந்தையர் கொள்ளவேண்டுவது கோப்பையையன்று. விம்பிள்டன் பட்டம் ஆண்டிற்கு ஒரு சிறுவனுக்கே உரியது. தந்தையின் தோழமை எல்லாச் சிறுவர்க்கும் உரியது. பட்டத்தைக் குறியாகக் கொண்டவன், அது கிட்டாதாயின், மைந்தனையே குறையுடையவனாகக் காண்பான். தோழமையைக் குறியாகக் கொண்டவனுக்கு, ஆடிய அன்றே பயன் கைகூடிவிடுகின்றது.

மைந்தன் உடன்வர மறுப்பின் என்செய்வதெனின், தந்தை தன் விருப்பத்தை அவன்மேற் சுமத்தாது, அவன் விருப்பத்தினுள் தான் புகுதல் வேண்டும். அதற்கும் அவன் இசையானாயின் பொறுத்திருத்தல் வேண்டும். "இவ்வளவு செய்தேனே, நீ என்ன செய்தாய்?" எனக் கணக்குக் கேட்பது வாணிகம், அன்பன்று. ஏரிக்கரைக்குத் தனியே சென்றுவருந் தந்தை, அங்குக் கண்டதை இரவு உணவின்போது இரண்டு சொல்லிற் கூறி அமைவானாயின், அதுவும் ஓர் அழைப்பே. கதவு திறந்துள்ளது என்பதை மைந்தன் அறிந்திருத்தல் போதும். நுழையும் நாளை அவனே தேர்வான். இதனாற் காலந்தாழ்த்தலாம் என்பதன்று. மைந்தன் தந்தையின் அருகிருக்க விரும்பும் ஆண்டுகள் சிலவே. மழை பொய்த்த ஏரி அடுத்த ஆண்டு நிரம்பக்கூடும். கழிந்த அப்பருவம் மீண்டும் வாராது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் மற்றொன்றை ஈண்டு நினைத்தல் தகும். வாரியஞ் செய்தற்குரியார் முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் வயதுடையராய், கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையராய், தம் மனையிலே வீடு கட்டியிருப்பவராய், கற்றவராய் இருத்தல் வேண்டும். அத்தகைய முதியோர் பெயர்களையெல்லாம் ஓலையிலெழுதிக் குடத்திலிட்டபின், கோயில் நம்பிமாருள் மூத்தவர் எல்லாரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலே அதனை ஏற்பான். குடத்தினின்று ஓலையை எடுப்பவனோ, உள்ளிருப்பது யாதென அறியாத ஒரு சிறுவன். நிலமும் கல்வியும் வயதும் உடைய பெரியோரெல்லாம் தம் ஊரை ஆளும் உரிமையை அச்சிறுவனது கையில் ஒப்புவித்து நின்றனர். என்னையெனின், அக்கைக்கு விளைவின்மேல் விருப்பமில்லை.

மைந்தனோடு பொழுதுபோக்கச் செல்லும் தந்தை, தன் வயதையும் அறிவையும் கைவிடவேண்டுவதில்லை. விளைவை விரும்பாத அச்சிறுகை ஒன்றைமட்டும் தான் பெற்றுச் செல்லுதல் வேண்டும். அங்ஙனம் சென்றவன் மைந்தனுக்குத் தோழனாவான். தோழனாயினமையால் தந்தைமையில் ஒருசிறிதும் குறையான். முன்னினும் தந்தையாவான் என்க.